வலசை வாத்தும் பறவைக் காய்ச்சலும்: பண்பொழிக் குளக்கரையில் ஒரு பாடம்

தை மாதக் காலையில் பண்பொழி திருமலைக் கோயில் படியேறி, மேலே நின்று கீழே பார்த்திருக்கிறீர்களா? வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய குளங்கள், பிசான நெல் வயல்கள், நடுநடுவே தென்னந்தோப்புகள். குளத்தில் கறுப்புப் புள்ளிகளாக மிதப்பவற்றை கைப்பேசி கேமராவில் ஜூம் செய்தால் வாத்துகள் என்று தெரியும். சில இந்த ஊர்க்காரர்கள். புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைச்சிறகியும் வருஷம் முழுக்க இங்கேயே இருப்பவை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அப்படியில்லை. இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து, பங்குனி வாக்கில் திரும்பிப் போகிறவை.

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் செய்தி வந்த மறுநாள், இந்தப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும்.

"இந்த வாத்தெல்லாம் அங்கேருந்துதான அண்ணாச்சி வருது? வெடியப் போட்டு விரட்டிர வேண்டியதுதான?"

கேள்வியில் ஞாயம் இருக்கிறது. கேரளத்தில் அடிக்கடி பாதிப்புக்கு உள்ளாகும் ஆலப்புழை மாவட்டத்து எடத்துவா, பண்பொழியிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள்தான். மறுபக்கம், நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பறவைக்கு இரண்டும் ஒரு ராத்திரிப் பயணம்கூட இல்லை. நடுவில் இருக்கிறோம் நாம். வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வளர்ப்பவர்கள். அதனால் இந்த வாத்துகள் எங்கிருந்து வருகின்றன, நோயைக் கொண்டுவருகின்றனவா, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். விரட்டுவது பற்றிய பதிலும் வழியிலேயே வந்துவிடும்.

முதலில் கிருமி. இன்ஃப்ளூயன்சா ஏ வகை வைரஸ்களுக்குக் காட்டு வாத்துகளின் குடல் பழைய வீடு. பெரும்பாலும் வாத்துக்கு ஒன்றும் ஆகாது. எச்சத்தின் வழியே கிருமி தண்ணீரில் கலக்கும், இன்னொரு வாத்து குடிக்கும். இந்த வீரியம் குறைந்த கிருமி மனிதர்கள் நெருக்கமாக அடைத்து வளர்க்கும் கோழிப் பண்ணைக்குள் நுழைந்து, பறவைக்குப் பறவை தாவும்போது சில சமயம் கொலைகாரக் கிருமியாக மாறிவிடுகிறது. இன்று உலகத்தைச் சுற்றிவரும் எச்5என்1 கிருமியின் மூதாதை, 1996-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வளர்ப்பு வாத்தினத்தில் கண்டறியப்பட்டது. மறுவருஷம் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி, 6 பேர் இறந்தார்கள். 2005 மே மாதம் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் செத்து மிதந்தபோதுதான், பண்ணையில் வளர்ந்த கிருமி காட்டுப் பறவைக்குத் திரும்பிப் போய்விட்டது உலகத்துக்கு உறைத்தது. ஆகவே 'வாத்து நமக்குக் கொடுத்த நோய்' என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கதைதான். நாமும் அதற்குக் கொடுத்திருக்கிறோம்.

சிங்காயில் அதிகம் செத்தவற்றில் ஒன்று வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, பார்த்தால் மறக்காது. அதே இனம் குளிர்காலத்தில் வந்து தங்கும் இடங்களில் ஒன்று நம் கூந்தன்குளம். இப்போது புரிகிறதா, அடுத்த கேள்வி ஏன் நம் ஊரைத் தேடி வந்தது என்று?

பறவையைப் பின்தொடர்ந்து நோயைத் தேடுவது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகளையும் மனிதர்களையும் கொன்ற ஒரு காய்ச்சல் பரவியது. கிருமி ரஷ்யப் பகுதியில் காணப்படும் ஒன்றுக்குச் சொந்தம்போல இருக்கவே, வலசைப் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்று சந்தேகம். 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் தலைமையில், பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடும் திட்டத்தைப் பெரிய அளவில் தொடங்கியது. நம் கோடியக்கரையும் அப்படி வளையமிட்ட இடங்களில் ஒன்று. பறவைதான் அந்தக் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று நிறுவப்படவில்லை. ஆனால் சந்தேகத்தில் பிறந்த அந்த வேலையால்தான் எந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்ற அடிப்படைத் தகவலே நமக்குக் கிடைத்தது.

வளையத்தில் ஒரு குறை. மாட்டிய இடம் தெரியும், மறுபடி சிக்கிய இடம் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. பஸ் டிக்கெட் மாதிரி. நடுவில் எங்கே இறங்கி டீ குடித்தார் என்பது டிக்கெட்டில் இருக்காது.

அதற்குத்தான் செயற்கைக்கோள் கருவி. உங்கள் கைப்பேசியில் ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறதோ அதே தத்துவம். முதுகில் பை மாதிரி கட்டிவிடும் சின்னக் கருவி, சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும், இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். புதிய கருவிகள் சில, செல்போன் டவர் கிடைக்கும்போது சேர்த்துவைத்த தகவலை மொத்தமாக அனுப்பிவிடும். நாம் சிக்னல் இல்லாத மலையிலிருந்து இறங்கியதும் வாட்ஸ்அப் செய்திகள் வரிசையாகக் கொட்டுமே, அந்த மாதிரி. கருவியின் எடை பறவையின் எடையில் சுமார் 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான விதி. 2 கிலோ வரித்தலை வாத்துக்கு 60 கிராம் வரை கட்டலாம். கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள நீலச்சிறகிக்கு 10 கிராமே அதிகம். அதனால்தான் பெரிய வாத்துகளின் பாதை முதலில் தெரிந்தது, சிறியவற்றின் பாதை தாமதமாகத் தெரியவந்தது.

2008 டிசம்பரில் ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் நம் கூந்தன்குளத்திலும் வரித்தலை வாத்துகளைப் பிடித்து இந்தக் கருவியைக் கட்டினார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலை. பறவைக் காய்ச்சல் கண்காணிப்புதான் அதற்குப் பின்னணி. மங்கோலியாவிலும் கருவி கட்டினார்கள். கிடைத்த தகவல் 2011-ல் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது: இந்த வாத்துகள் இமயமலையின் ஏற்றத்தை எட்டு மணி நேர அளவில், இடையில் இறங்காமல் ஏறிவிடுகின்றன. இலையுதிர் காலத்தில் திபெத், மங்கோலியாப் பக்கமிருந்து தெற்கே இறங்கி, வசந்தத்தில் வடக்கே திரும்புகின்றன. கேரளத்துப் பறவைகள் இங்கே வருகின்றனவா என்ற டீக்கடைக் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. வலசையின் முக்கியத் திசை வடக்கு தெற்கு. குட்டநாட்டுக்கும் நமக்கும் இடையே பறவைகள் குளம் மாறிப் போகலாம். அது வலசை அல்ல, உள்ளூர் நடமாட்டம்.

அடுத்த விஷயத்தைத்தான் நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாக நினைக்கிறேன். பறவை எவ்வளவு தூரம் பறக்கும் என்று தெரிந்துவிட்டது. கிருமியைச் சுமந்துகொண்டு எவ்வளவு தூரம் பறக்கும்? தொற்றிய பறவை நோய்க்குறி தெரிவதற்குள் சில நாள்தான் நன்றாக இருக்கும். 2006 முதல் 2009 வரை ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் 19 இனங்களைச் சேர்ந்த 228 நீர்ப்பறவைகளுக்குக் கருவி கட்டிக் கிடைத்த தகவலை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தச் சில நாளுக்குள் ஒரு பறவை அதிகபட்சம் 2,900 கிலோமீட்டர் வரை போய்விட முடியும் என்று வந்தது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கணக்கின் இன்னொரு வரி: ஒரு தனிப் பறவை கிருமியை 500 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோகக்கூடிய நாள்கள் வருஷத்துக்குச் சராசரியாக 5 முதல் 15 நாள் மட்டுமே. காரணம் எளிமை. வாத்து நாள்தோறும் பறப்பதில்லை. ஒரு பெரும்பாய்ச்சல், பிறகு ஒரு குளத்தில் பல நாள், சில சமயம் பல வாரம் தங்கித் தின்று கொழுக்கும். அந்தத் தங்கலுக்குள் நோய் வந்த பறவை ஒன்று குணமாகும், இல்லையென்றால் சாகும்.

அப்படியானால் கிருமி எப்படி சைபீரியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும், 2021 கடைசியில் வட அமெரிக்காவுக்கும், 2023 அக்டோபரில் அண்டார்டிகாவை ஒட்டிய தெற்கு ஜார்ஜியா தீவுக்கும் போய்ச் சேர்ந்தது? அஞ்சல் ஓட்டம் மாதிரி. ஒரு பறவை ஒரு குளத்தில் இறங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கும், அது அடுத்த குளத்தில் கொடுக்கும். கைமாறும் இடம் குளம். எனவே கவனிக்கவேண்டியது வானத்தை அல்ல, தங்குமிடத்தை.

விரட்டுவது பற்றிய பதிலும் இதிலேயே இருக்கிறது. வெடிபோட்டு விரட்டினால் ஒரு குளத்தில் இருந்த கூட்டம் நாலு குளத்துக்குச் சிதறும். ஒருவேளை அதில் நோய்ப் பறவை இருந்திருந்தால் நாமே அஞ்சல் ஓட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்கள் ஆவோம். அதோடு, வலசைப் பறவைகளைத் துன்புறுத்துவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தங்குமிடத்தைக் கவனித்தால் என்ன தெரியும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2020 டிசம்பர் கடைசியில் இமாச்சலப் பிரதேசத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் வனத்துறைப் பணியாளர்கள் சில வாத்துகள் இறந்து கிடப்பதைக் கண்டார்கள். மாதிரி போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்துக்குப் போனது. எச்5என்1 என்று உறுதியானது. பிறகு வந்த வாரங்களில் இறந்தவை ஆயிரக்கணக்கில். பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். அதே ஜனவரியில் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் வளர்ப்பு வாத்துகள் செத்தன. செய்திகளில் இரண்டும் ஒரே 'பறவைக் காய்ச்சல்' ஆகிவிட்டது, வாட்ஸ்அப்பில் இமாச்சல வாத்துதான் கேரளத்துக்கு வந்ததாகக் கதை ஓடியது. ஆய்வகம் வேறு சொன்னது: கேரளத்தில் இருந்தது எச்5என்8, இன்னொரு வகை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தவை, ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை அல்ல. பாதையைக் காட்டும் கருவி ஒரு கண் என்றால், கிருமியின் மரபணுவைப் படிப்பது மறுகண். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இப்படித்தான் ஆள் மாறிப்போகும்.

ஆலப்புழையில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? 2014, 2016, 2021, 2024 என்று வருஷங்கள் நீள்கின்றன. குட்டநாடு தாழ்ந்த நிலம். வயலும் காயலும் ஒன்றோடொன்று. நெல் அறுத்த வயலில் ஆயிரக்கணக்கில் வாத்துகளை மேய விடுவார்கள். அதே வயலில், அதே தண்ணீரில் காட்டு வாத்தும் இறங்கும். கோழிக்கு இந்தக் கிருமி வந்தால் ஒன்றிரண்டு நாளில் கூட்டமே சாயும், உடனே தெரிந்துவிடும். வளர்ப்பு வாத்தில் சில சமயம் நோய்க்குறி லேசாகவே இருக்கும்; அது நடந்துகொண்டே, தின்றுகொண்டே கிருமியைக் கழிக்கும். காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பாலம் அதுதான்.

இங்கே நம் ஊர்க் கதை வருகிறது. பிசான அறுவடை முடியும் மாசி, பங்குனியில் தென்மாவட்டத்து வயல்களில் வாத்து மேய்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வயல் வயலாக ஓட்டிப் போவார்கள், தூரம் என்றால் லாரியில் ஏற்றுவார்கள், ராத்திரி வலை கட்டிப் பட்டி போடுவார்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் வாத்து தின்னும், வயலுக்கு உரம். நல்ல தொழில், பழைய தொழில், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலத்தைப் பாருங்கள். வலசை வாத்து வடக்கே கிளம்புமுன் குளத்தில் கூடித் தின்னும் நேரமும், மேய்ச்சல் வாத்து அதே குளத்துப் பாசன வயலில் இறங்கும் நேரமும் ஒன்று.

கேரளத்தில் நோய் அறிவிக்கப்பட்டால் செங்கோட்டையை அடுத்த புளியரை சோதனைச்சாவடியில் கால்நடை பராமரிப்புத் துறையினர் நின்று, கோழி, வாத்து, முட்டை, தீவனம் ஏற்றிய வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள், மற்ற வண்டிகளின் சக்கரத்தில் கிருமிநாசினி தெளிப்பார்கள். "பறக்கிற பறவைய விட்டுட்டு லாரிய மறிச்சு என்ன பிரயோசனம்?" என்று வரிசையில் நிற்பவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. பிரயோசனம் இருக்கிறது. பறவை கிருமியோடு ஆரியங்காவு கணவாயைத் தாண்டுவது எப்போதாவது நடக்கலாம். நோய்ப் பண்ணையிலிருந்து கிளம்பும் ஒரு லாரிக்கு மூன்று மணி நேரம் போதும், அதுவும் ஆயிரம் பறவையோடு, எச்சம் ஒட்டிய கூண்டோடு. மறிக்கக்கூடியதை மறிக்கிறார்கள். மறிக்க முடியாததைக் கவனிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

கருவி கட்டிய பறவை லட்சத்தில் ஒன்றிரண்டு. பண்பொழியில், வடகரையில், அச்சன்புதூரில் உள்ள ஒவ்வொரு குளத்துக்கும் ஆய்வாளர் வரமுடியாது. பாங் அணையிலும் முதல் தகவல் செயற்கைக்கோளிலிருந்து வரவில்லை. கரையில் நடந்த ஒருவர் குனிந்து பார்த்ததால் வந்தது.

காலையில் குளக்கரைக்குப் போறீங்க, வாத்தோ கொக்கோ நாலைந்து செத்துக் கிடக்கு என்று வைத்துக்கொள்வோம். கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமடிக்கும் பறவையும் சந்தேகத்துக்குரியதே. தொடாதீங்க, நாயையும் பிள்ளைகளையும் பக்கத்தில் விடாதீங்க. நாலடி தள்ளி நின்றே படம் எடுங்கள்: பறவை தெளிவாக ஒன்று, குளமும் அடையாளமும் தெரிய ஒன்று. கைப்பேசியில் லொகேஷனை ஆன் செய்து மேப்பில் அந்த இடத்தைச் சேமியுங்கள். எத்தனை செத்தவை, எத்தனை தள்ளாடுபவை என்று எண்ணுங்கள். பிறகு கால்நடைகளுக்கான கட்டணமில்லா எண் 1962-க்குப் பேசுங்கள். அல்லது உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் நேரில் சொல்லுங்கள். காட்டுப் பறவை என்றால் வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லவேண்டும். ஒன்றும் கிடைக்காத நேரத்தில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077 இருக்கிறது. படத்தை ஊர் குரூப்பில் போடுவது கடைசி வேலை. போடாமலே இருந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் செத்த பறவையெல்லாம் பறவைக் காய்ச்சல் இல்லை. பூச்சிமருந்து தின்று சாகும், வெயிலில் சாகும். கொல்லைக் கோழி கூட்டமாகச் செத்தால் பெரும்பாலும் அது வெள்ளைக்கழிச்சல். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, துறை முகாம் போட்டே போடுகிறது. எது என்று சொல்லவேண்டியது ஆய்வகம். தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் அனுப்பி, ஆர்டி-பிசிஆர் பார்ப்பார்கள். கொரோனா காலத்தில் நம் மூக்கில் எடுத்தார்களே, அதே சோதனை.

இனி, யாரும் வெளியே சொல்லாத பயம் ஒன்று. "சொன்னா ஊர்க் கோழி எல்லாத்தையும் கொன்னுருவாங்களே சார்." பூசி மெழுகாமல் சொல்வதானால், ஆய்வகம் உறுதி செய்தால் ஆமாம். வளர்ப்புப் பறவைகளில் நோய் உறுதியானால் அந்த மையத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் நோய்ப் பகுதி, 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. நோய்ப் பகுதியில் கோழியும் வாத்தும் அழிக்கப்படும். நாலு முட்டையை நம்பிப் பிள்ளைக்கு நோட்டு வாங்குகிற அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அழிக்கப்படும் பறவைக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் இழப்பீடு உண்டு. ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிப்பாதி ஏற்கின்றன. அது துறையினர் கணக்கெடுத்ததற்கு மட்டும். யாருக்கும் தெரியாமல் குளத்தோரம் வீசிய கோழிக்குக் கணக்கு ஏது? வீசிய கோழியைக் காகம் கொத்தும், நாய் இழுக்கும், பக்கத்து ஊருக்கும் வட்டம் போடவேண்டி வரும். முதல் நாள் சொன்னால் ஒரு வட்டத்தோடு முடிய வாய்ப்பு அதிகம், பத்தாம் நாள் சொன்னால் எத்தனை வட்டம் என்று யாராலும் சொல்ல முடியாது. 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பாதிப்பு உறுதியானபோது லட்சக்கணக்கில் கோழிகளை அழிக்கவேண்டி வந்தது.

மனிதருக்கு இந்தக் கிருமி எளிதில் தொற்றுவதில்லை. தொற்றினால் கடுமை, 2021-ல் ஹரியானாச் சிறுவன் ஒருவன் இறந்தது இந்தியாவில் உறுதியான முதல் மரணம். நோய்ப் பறவையைக் கையாண்டவருக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'செத்த பறவையைத் தொட்டேன்' என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் கிருமி பிழைக்காது. 70 டிகிரி சூடு அதற்குப் போதும். நம் வீட்டுக் குழம்பு அதைவிடக் கொதிக்கிறது.

நோய் இல்லாத காலத்திலும் கைப்பேசிக்கு வேலை உண்டு. எந்தக் குளத்தில் எந்தப் பறவை, எந்த மாதம், எத்தனை என்ற கணக்கு கையில் இருந்தால்தான், இந்த வருஷம் ஏதோ தவறு என்று தெரியும். 'ஈபேர்ட்' செயலியில் நீங்கள் பதியும் ஒவ்வொரு பட்டியலும் அந்தக் கணக்கில் சேர்கிறது. அமெரிக்காவில் இத்தகைய பதிவுகளை வைத்தே எந்தப் பண்ணைக்கு எப்போது ஆபத்து அதிகம் என்று வரைபடம் போட்டுப் பார்க்கிறார்கள். கருவி கட்டிய பறவைகள் உலகத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்க்க ஆசையென்றால் 'அனிமல் டிராக்கர்' செயலி இருக்கிறது, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் உருவாக்கியது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், புவியியல் தானாக வரும். காலில் வளையமோ கழுத்தில் பட்டையோ உள்ள பறவையைக் கண்டால் எண்ணும் நிறமும் தெரியப் படமெடுங்கள். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகளைக் கர்நாடகக் குளங்களில் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

எந்த வாத்து எது என்று தெரியாதே என்பவர்களுக்கு ஒரு வழி. 2011 முதல் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கை வள காப்பு மையமும் உள்ளூர் இயற்கை அமைப்புகளும் சேர்ந்து நடத்துகின்றன. பெயர் பதிந்துகொண்டால், பறவை தெரிந்த ஒருவரோடு சேர்த்து ஒரு குளத்துக்கு அனுப்புவார்கள். விடியுமுன் கிளம்பவேண்டும், தொப்பி வேண்டும், இரண்டு பேருக்கு ஒரு பைனாகுலர் போதும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு அதுகூட வேண்டாம். உங்கள் ஊர்க் குளக்கரையில் கால் மணி நேரம் நின்று எண்ணி, செயலியில் ஏற்றினால் போதும்.